வெள்ளைக்கட்டி பூசிய நெற்றிகள்

அடன்மா சிஸ்டர் எங்களுக்கு எடுத்த ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தப்பான கட்டளை ஒளிந்திருக்கும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காயத்துக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவார். நடுவில், குரல் கொஞ்சமும் மாறாமல், “மயக்கத்துல கிடக்கிறான் பாரு, அவன் வாயில ஒரு டம்ளர் தண்ணி ஊத்து” என்பார். முன்வரிசை நல்ல பிள்ளை எவளாவது டம்ளரைத் தூக்கிக்கொண்டு பொம்மை நோயாளியிடம் போனால் தொலைந்தாள்.

“கொன்னுட்டே! போ, அவங்க அம்மாகிட்ட போய் நீயே சொல்லிட்டு வா.”

“சிஸ்டர், நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொன்னா? நான் என்ன சாமியா? உன் மண்டைக்குள்ள என்னடி இருக்கு, மரவள்ளி மாவா?”

அப்படி ஒரு கட்டளை வந்தால் நாங்கள் எழுந்து நின்று, “இன்னொரு தடவை சொல்லுங்க” என்று கேட்க வேண்டும். அவர் மறுபடியும் அதையே சொன்னால், “செய்ய மாட்டேன்” என்று சொல்லி, ஏன் என்றும் சொல்ல வேண்டும். இதுதான் அவர் பாடத்தின் பாதி. மற்ற ஊர் நர்ஸிங் பள்ளிகளில் டாக்டர் வந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். எங்கள் பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார்கள் என்று எங்கள் பிரின்சிபால் மிஸஸ் எஜிந்துவிடம் புகார் வந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்தப் பாடம் சர்க்கரையாக இனித்தது. சிஸ்டர் எனக்கு வைத்த பெயரே வாயாடி.

எங்கள் பள்ளி ஒர்லு பக்கம் அமயெகே என்ற ஊரில் இருந்தது. பியாஃப்ரா தனிநாட்டுக்காக நடந்த போர் முடிந்து பதினாறு, பதினேழு வருடம் ஆகியிருக்கும். நாங்கள் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம்.

ஊரில் சிஸ்டரைப் பற்றி நல்லபடியாக யாரும் பேசியதில்லை. காரணம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் தெருப் பெண்கள் எல்லாரும் அங்கே கூடிப் பாடுவார்கள். வெள்ளைக்கட்டி என்கிற வெள்ளை மண்ணைக் குழைத்து அந்த வீட்டார் எல்லார் நெற்றியிலும் கழுத்திலும் பூசி அனுப்புவார்கள். வழியில் ஒருத்தி வெள்ளை நெற்றியோடு நடந்தால், யார் வீட்டில் என்ன பிள்ளை என்று கேட்காமல் யாரும் தாண்டிப் போக மாட்டார்கள். சிஸ்டர் அந்த வீடுகளுக்குப் போகவே மாட்டார். கிழங்கு அனுப்புவார், கருவாடு அனுப்புவார், ஆனால் வாசற்படி மிதிக்க மாட்டார். பிள்ளை பெறாதவள், வயிற்றெரிச்சல்காரி, அவள் கண் பட்டால் பால் வற்றிவிடும் என்று என்னென்னவோ பேசினார்கள். இதையெல்லாம் பேசியவர்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்ததும் அவர்தான். நன்றிகெட்ட நாக்குகள்.

அவர் ஏன் போவதில்லை என்பது பிரின்சிபாலுக்கும் கடைசி வருட மாணவிகளுக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு வருடமும் கடைசி வகுப்புக்காரிகளுக்கு ஒரே ஒரு முறை அதைச் சொல்வார். உட்காராமல், நின்றுகொண்டே சொல்வார்.

போரின் கடைசி வருடத்தில் அவர் பியாஃப்ரா ராணுவத்தின் நர்ஸ். தோளில் லெப்டினன்ட் பட்டை. களத்துக்குப் பின்னால் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம்தான் ஆஸ்பத்திரி. இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் அதுதான் ஆபரேஷன் மேஜை. ரத்தம் துடைத்த துணியை அலசி, கொதிக்கவைத்து, மறுபடி அதிலேயே துடைப்பார்கள். டாக்டர் ஒரே ஒருவன்: மேஜர் அனிக்வே. அவனை ‘அவர்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய், போர் தொடங்கியபோது திரும்பி வந்தவன். கத்தி பிடிப்பதில் கெட்டிக்காரன்தான். அதை சிஸ்டரே சொல்வார்.

ஒரு நாள் காலையில் அடிபட்டவர்கள் அலை அலையாக வந்திறங்கினார்கள். யாரை முதலில் மேஜையில் ஏற்றுவது, யாரை ஏற்றிப் பயனில்லை என்று பிரித்துவைப்பது நர்ஸின் வேலை. அதற்கென்று இருந்த வண்ண அட்டைகள் முன்பே தீர்ந்துவிட்டன. அடிபட்டவர்களைச் சுமந்துவரும் தூக்குக்கட்டில்காரர்கள் பக்கத்துக் கிராமத்து ஆட்கள், எழுதிவைத்தால் படிக்கத் தெரியாது. அப்போது அந்த மேஜர் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்கட்டியைப் பார்த்திருக்கிறான். பிழைக்க மாட்டான் என்று தெரிகிறவன் நெற்றியில் இதைக் குழைத்துப் பூசு, தூக்குகிறவர்கள் அவனை விட்டுவிட்டு மற்றவர்களைக் கொண்டுவரட்டும் என்றான்.

சிஸ்டர் அவனிடம் சொன்னாராம்: “சார், நம்ம ஜனங்க இதைப் பாத்தா வேற மாதிரி எடுத்துக்குவாங்க. கரி இருக்கு, கரியைப் பூசட்டுமா?”

“கறுப்பு நெத்தியில கரி தெரியுமா? நீ நர்ஸா, குறி சொல்றவளா? எனக்கு வேலை கத்துக்குடுக்க வந்தியா? பூசுன்னா பூசு.” ஆங்கிலத்தில்தான் கத்தினானாம்.

பூசினார். அப்போது நின்றிருந்த தூக்குகிறவர்களிடம், வெள்ளை இருந்தால் விட்டுவிடுங்கள் என்று ஆளாளுக்கு விளக்கமாகவும் சொன்னார். பிறகு அவரை உள்ளே மேஜைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் தூக்குகிறவர்கள் மாறினார்கள். வேறு கிராமத்திலிருந்து வந்தவர்கள், அவர்களிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முற்றம் நிறைய ஆட்கள் கிடக்கிறார்கள், சிலருடைய நெற்றியில் மட்டும் வெள்ளைக்கட்டி. எங்கள் ஊர்க்காரன் அதைப் பார்த்து என்ன நினைப்பான்? இவர்கள் நல்ல சேதிக்காரர்கள், பிழைக்கப் போகிறவர்கள், இவர்களைத்தான் முதலில் தூக்க வேண்டும் என்றுதான் நினைப்பான். தங்கள் குடிதண்ணீரில் துணி நனைத்து அவர்கள் உதட்டைத் துடைத்துவிட்டு, பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் அந்த நெற்றியிலிருந்து கொஞ்சம் வழித்துத் தன் மணிக்கட்டிலும் பூசிக்கொண்டிருந்தான். வேலை மும்முரத்தில் காயங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டருக்கு அந்த மணிக்கட்டைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

வெளியே ஓடினார். மரநிழல் நகர்ந்துபோயிருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லாதவர்கள், அதாவது பிழைத்திருக்க வேண்டியவர்கள், வெயிலில் கிடந்தார்கள். பல பேருக்கு அப்போதே மூச்சு இல்லை. எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

மாலையில் விசாரணை நடந்தது. அந்த மேஜர் எல்லார் முன்னாலும் நின்று, நர்ஸ் தன் இஷ்டத்துக்கு ஏதோ கிராமத்துச் சடங்கு செய்துவிட்டாள், எனக்குத் தெரியாது என்றான். காலையில் அவன் கட்டளையைக் கேட்டவர்கள் அங்கேயே நின்றிருந்தார்கள். ஒருவன் வாய் திறக்கவில்லை. சிஸ்டர் தோளிலிருந்த பட்டையைப் பிய்த்தெறிந்தார்கள். பட்டையைத்தான் பிடுங்கினார்கள், வேலையைப் பிடுங்கவில்லை, ஏனென்றால் வேறு ஆள் கிடையாது. மறுநாள் காலையில் அதே மேஜையில், அதே ஆளுக்கு, கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுத்தார்.

போர் முடிந்ததும், தோற்ற ராணுவத்தில் கற்றது எதுவும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். தன்னைவிட இளைய பெண்களோடு உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்துத் தேறி, பிறகு பாடம் சொல்ல வந்தார். “நான் அன்னைக்கு ஒரு தடவைதான் கேட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும். மாட்டேன்னு சொல்லியிருக்கணும். நீங்க சொல்லுவீங்க. சொல்ல வெச்சுட்டுத்தான் உங்களை வெளிய அனுப்புவேன்” என்று முடிப்பார். யாரும் வெளியே சொல்லக்கூடாது, அழவும் கூடாது. அழுதால் அதற்கும் திட்டு விழும்.

எங்கள் பள்ளிக்கு அதுவரை தற்காலிக அங்கீகாரம்தான் இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது. அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, சரி என்று சொன்னால்தான் நாங்கள் பரீட்சை எழுத முடியும். இல்லையென்றால் மூன்று வருடப் படிப்பும் வீண். குழுவின் தலைவர் பெயரைப் பலகையில் எழுதியபோது கடைசி வகுப்புக்காரிகள் நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். டாக்டர் அனிக்வே.

மிஸஸ் எஜிந்துவின் அறையைத் துடைக்கும் முறை அன்று எனக்கு. அவர் சிஸ்டரிடம் கெஞ்சியதை என் காதாலேயே கேட்டேன்.

“அடன்மா, ஒரே ஒரு நாள் லீவு போட்டுக்கோயேன். உன் காலைப் பிடிக்கிறேன்.”

“ஏன், அவன் மூஞ்சியைப் பாத்தா நான் கடிச்சு வெச்சுடுவேன்னு பயமா?”

“இந்தப் பொண்ணுங்களைப் பாரு. இவங்க அப்பன் ஆத்தா நிலத்தை வித்துப் படிக்க வெச்சிருக்காங்க.”

சிஸ்டர் துணியும் கையுமாக நின்ற என்னைப் பார்த்தார். பிறகு, “லீவு போட மாட்டேன். ஆனா வாயைத் தெறக்க மாட்டேன். பொண்ணுங்களுக்காக. போதுமா?” என்றார். அவர் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று சொன்னதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

குழு வந்தது. கோட்டு, தங்கக் கண்ணாடி, பளபளக்கும் கைத்தடி சகிதம் அவன் இறங்கினான். வார்டு பார்த்தான், சமையலறை பார்த்தான், எல்லாம் திருப்தி. சிஸ்டரைக் கடந்து போனபோது தலையாட்டினான். அடையாளம் தெரிந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்? பிறகு ஹாலில் எங்களையும் பெற்றோரையும் உட்காரவைத்து உரையாற்றினான். எல்லாம் ஆங்கிலம்தான். அவன் எங்கள் பாஷையில் பேசி யாரும் கேட்டதில்லை. பின்வரிசைத் தாய்மாருக்காக ஒரு வாத்தியார் வரிக்கு வரி மொழிபெயர்த்தார்.

“ஒரு செவிலியின் முதல் கடமை கீழ்ப்படிதல். போர்க்காலத்தில் என்னிடம் அரைகுறையாகப் பயின்ற ஒரு கிராமத்துப் பெண் வேலை பார்த்தாள். சாகப்போகிறவர்கள் நெற்றியில் பிள்ளைபெற்ற வீட்டில் பூசுவதுபோல் எதையோ பூசிவைத்துவிட்டாள். தூக்குகிறவர்கள் எனக்குப் பிணங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்!”

அவன் சிரித்தான். குழுவும் சிரித்தது. மொழிபெயர்த்த வாத்தியாரும் பல்லைக் காட்டினார். பின்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

சிஸ்டர் எழுந்தார். மிஸஸ் எஜிந்து அவர் பாவாடையைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். சிஸ்டர் உட்காரவில்லை.

“பொண்ணுங்களா,” என்றார், வகுப்பில் கேட்கிற அதே குரலில், எங்கள் பாஷையில். “ரோட்டுல ஒருத்தன் நெத்தியில வெள்ளைக்கட்டியோட போறான். நீங்க என்ன நினைப்பீங்க?”

“நல்ல சேதின்னு நினைப்போம், சிஸ்டர்!” பின்வரிசைத் தாய்மாரும் சேர்ந்து சொன்னார்கள்.

“சாகக் கிடக்கிறவன் நெத்தியில அதைப் பூசுன்னு ஒரு டாக்டர் சொல்றாரு. என்ன செய்வீங்க?”

நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் எழுப்பவில்லை. “இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேப்பேன். மறுபடியும் அதையே சொன்னா, மாட்டேன்னு சொல்லுவேன்.” எனக்குப் பின்னால் மொத்த வகுப்பும் எழுந்தது.

“நான் அப்படிச் சொல்லல,” என்றார் சிஸ்டர். “அந்தக் கிராமத்துப் பொண்ணு நான்தான். இது தப்பாப் போகும் சார்னு சொன்னேன். பூசுன்னா பூசுன்னாரு. பூசினேன். பூசின பாவம் என்னுது. அதை நான் யார் தலையிலயும் கட்டல. பூசச் சொன்ன பாவம் யாருதுன்னு, அதோ, சிரிச்சுக்கிட்டு இருந்தாரே, அவரையே கேளுங்க.”

அவன் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த வருடம் அங்கீகாரம் வரவில்லை. நாங்கள் பிறகு வேறொரு ஊருக்குப் போய் ஒரு வருடம் கூடுதலாகப் படித்துத்தான் பரீட்சை எழுதினோம். பெற்றோர் பள்ளி வாசலில் நின்று சிஸ்டரைத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. என் அப்பாவும் திட்டினார். “உங்களுக்கு வேணும்னா நான் இன்னும் ரெண்டு வருஷம்கூடப் படிக்கிறேன், அவங்களை ஒரு வார்த்தை சொல்லாதீங்க” என்று நான் கத்தியதில் அவர் என்னோடு பல நாள் பேசவில்லை. பள்ளி நிர்வாகம் சிஸ்டரை இனி வகுப்புக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ஆனால் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. சந்தையில் பேச்சு பரவியது. அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் எங்கள் பக்கத்து ஆட்கள்தானே. அவர்களுடைய தாய்களும் மனைவிகளும் சிஸ்டர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “அவன் நெத்தியில இருந்துச்சா, இல்லையா?”

இதற்கு நல்ல பதிலே கிடையாது. இருந்தது என்றால், அவனைச் சாகட்டும் என்று விட்டவள் நீ. இல்லை என்றால், அவன் பிழைத்திருக்க வேண்டியவன். நான் சாயங்காலங்களில் அங்கேயே கிடந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். சிஸ்டர் ஒருத்தியிடம்கூடப் பொய் சொல்லவில்லை. ஞாபகம் இல்லாதவனை ஞாபகம் இல்லை என்றுதான் சொன்னார். “என் ஒரே புள்ளைடி! எப்படிடி ஞாபகம் இல்லாமப் போகும்?” என்று ஒரு தாய் மண்ணை வாரி அவர் மேல் எறிந்தாள். சிஸ்டர் துடைத்துக்கொள்ளாமல் அடுத்தவளிடம் பேசினார்.

எண்ணெய் விற்கும் உகோயே வந்தாள். என்னோடு படித்த ஒருத்தியின் அம்மா. புருஷன் பெயர் இரோஹா. அவன் களத்திலேயே, பட்ட இடத்திலேயே போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்று இத்தனை வருடமும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“வலது காதுமடல் கிழிஞ்சிருக்கும். ஒசரமா இருப்பாரு.”

“தொடையில அடி,” என்றார் சிஸ்டர். “நெத்தியில ஒண்ணும் பூசல. பொழைக்க வேண்டியவரு. மரத்தடியில படுக்க வெச்சிருந்தேன். நான் வெளிய ஓடி வந்தப்போ வெயில்ல கிடந்தாரு.”

“உசுரோடயா?”

“இல்ல.”

உகோயே ஓங்கி ஓர் அறை விட்டாள். நான் பாய்ந்தேன். சிஸ்டர் கையை நீட்டி என்னைத் தடுத்தார். உகோயே மூச்சு வாங்க நின்றுவிட்டு, “உன்னை அறைய இவ்வளவு பேர் வந்துட்டோம். அந்தப் பூசச் சொன்னவன் வீட்டுக்கு எத்தனை பேர் போனோம்?” என்று கேட்டாள்.

ஒருவரும் போகவில்லை. அவன் வீட்டுக்கு உயரமான மதில், இரும்புக் கேட், காவலாளி. சிஸ்டர் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடச் சரியில்லை. திட்டுவதற்குக்கூட நம் ஜனம் சுலபமான வாசலைத்தான் தேடும்.

எங்கள் பெண்களுக்கு ஓர் உரிமை உண்டு. ஒருவன் பதில் சொல்ல வேண்டியதற்குப் பதில் சொல்லாவிட்டால், கூட்டமாகப் போய் அவன் வாசலில் உட்கார்ந்துவிடுவார்கள். உலக்கையால் தரையை இடித்து, அவன் வண்டவாளத்தைப் பாட்டாகப் பாடுவார்கள். அவன் வெளியே வந்து பதில் சொல்லும்வரை எழ மாட்டார்கள். அந்தக் கூட்டத்தில் எந்த ஆணும் கைவைக்க முடியாது. உகோயே சந்தையில் ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் விடிந்ததும் குருத்தோலை கட்டிய உலக்கைகளோடு கிளம்பினோம். கடைசியாக வந்து சேர்ந்துகொண்டவர் மிஸஸ் எஜிந்து. சிஸ்டர் முன்னால் நடந்தார், அவர் கையில் உலக்கை இல்லை.

“கத்தி பிடிச்ச டாக்டரய்யா, கண்ணாடி போட்ட டாக்டரய்யா, பெத்தவ பேசின பேச்சை மட்டும் எந்தக் கப்பல்ல விட்டீரய்யா?” என்று உகோயே எடுத்துக் கொடுக்க, மதில் அதிரப் பாடினோம். அவன் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களும் அடுப்பை அணைத்துவிட்டு எங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். போலீஸ் ஜீப் ஒன்று வந்தது. இறங்கிய இன்ஸ்பெக்டரைக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய சொந்த அத்தையே, “டேய், சாப்டியா?” என்று கேட்டாள். அவன் மறுபடி ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள்தான் கேட் திறந்தது. கோட்டு இல்லை, வெறும் பனியனோடு வந்தான். பாட்டு நின்றது.

“உங்களுக்கு என்ன வேண்டும்?” என்றான் ஆங்கிலத்தில். “அது போர். எல்லோரிடமும் தவறுகள் நேர்ந்தன. நான் சிறுவயதிலேயே இந்த மண்ணை விட்டுப் போனவன். உங்கள் பழக்கவழக்கங்கள் எனக்கு எப்படித் தெரியும்?”

மிஸஸ் எஜிந்து எங்கள் பாஷையில் அதைச் சொன்னார்.

“நான் சொன்னேனே, சார்,” என்றார் சிஸ்டர்.

“நினைவில்லை.”

உகோயே எழுந்து கேட் அருகே போனாள். அவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

“உன்கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”

மொழிபெயர்க்க யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவனே ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

“உனக்கு அடுத்தது பொறந்தப்போ நீ நடக்கிற புள்ளையா இருந்திருப்பே. உங்கம்மா நெத்தியில என்ன பூசியிருந்தா?”

அவன் எங்களைப் பார்த்தான், சிஸ்டரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பிறகு எங்கள் பாஷையில், ஒரு சின்னப் பையனின் உச்சரிப்பில் சொன்னான்.

“வெள்ளைக்கட்டி.”

“அப்போ தெரிஞ்சுதான்யா சொல்லியிருக்கே,” என்றாள் உகோயே.